இஞ்ஞாசியின் ஹார்ன்

உவரியிலிருந்து காலை ஏழேகாலுக்கு
திசையன்விளைக்குள் வரும் இஞ்ஞாசியின் மொபெட்.
ரப்பர் ஹார்னை அமுக்குவார்: ப்பீம், ப்பீம்.
வாத்துக்கு வயிற்றுவலி வந்த மாதிரி இருக்கும்.
எங்கள் தெருப் பூனைகள் மூன்றுக்கும்
அதற்குச் சாளைத்தலை என்று அர்த்தம்.

செவலை மதிலிலிருந்து குதிக்கும்.
மொட்டைவாலன் லோடு ஆட்டோவின் அடியிலிருந்து.
கருவாச்சி சினை வயிற்றை இழுத்துக்கொண்டு
கடைசியில் வரும்,
வந்ததும் முதல் தலை அதற்குத்தான்.

மாசியில் மொபெட்டில் ஸ்பீக்கர் ஏறியது.
உள்ளே அவர் மனைவி மெற்றில்டாவின் குரல்:
சாளை, அயிலை, நெத்திலி, ஐஸ் காணாத மீனு.
ஹார்னும் குரலும் ஒன்றாகத் தெருவுக்குள் திரும்பும்,
பின்னாலேயே தலை வந்து விழும்.
கருவாச்சி ஈன்றதில் தப்பியது ஒன்றே ஒன்று.
அதன் காது விரிந்தது
இந்த இரட்டைச் சத்தத்துக்குள்தான்.
சுண்டு என்று கூப்பிட்டோம்.

ஆடியில் ரப்பர் கிழிந்தது.
குரல்தான் இருக்கே என்று இஞ்ஞாசி விட்டுவிட்டார்.

அன்றைக்கு மெற்றில்டா தனியாக வந்தாள்.
செவலை மதிலில் கிடந்தது.
மொட்டைவாலன் தொடையை நக்கிக்கொண்டிருந்தான்.
கருவாச்சி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.
சுண்டு மட்டும் ஓடியது.

கச்சான் காற்று குரலை அடித்துக்கொண்டு போயிருக்கும்
என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஆனால் வீட்டுக்குள் பாத்திரம் கழுவிய எனக்கே
கிலோ என்ன விலை என்பதுவரை கேட்டது.

ஐந்து மாதம், ஒருநாள் தப்பாமல்
இந்தக் குரல் அவற்றின் காதுக்குள் போயிருக்கிறது.
போய் என்ன?
எல்லாவற்றையும் ஹார்ன் முன்பே சொல்லிவிட்டதே.
சொல்ல மிச்சமில்லாத குரலை
எந்தக் காது உட்காரச் சொல்லும்?

சுண்டுக்கு யாரும் எதையும்
முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கவில்லை.

நான் சிரித்தேன் அன்றைக்கு.
தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் சிரித்தேன்.

சேர்மத்துரைக்குக் கிரஷரில் வேலை.
அவருடைய யமஹாவுக்கு சைலன்சர் ஓட்டை.
பெட்ரோல் பங்க் தாண்டும்போதே கேட்டுவிடும்;
தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவேன்.
வாசலில் வண்டி நிற்பதற்குள் கல் காய்ந்திருக்கும்.
பதினோரு வருடமாக இது ஒருநாளும் பிசகியதில்லை.

ஆவணியில் சீட்டுக்கடனுக்கு யமஹா போனது.
கடைசி பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தார்.

அந்த இரவு
ஒரு இருமல் தனியாகத் தெருவில் வந்தது.
எங்கள் கதவடியில் வந்து நின்றது.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன், செவலையைப் போல.

கதவைத் தட்டி எழுப்பினார்.
"எவ்வளவு நேரமா நிக்கேன் தெரியுமாட்டீ,
இருமி இருமித் தொண்டையே போச்சு."
எப்போதிருந்து இந்த இருமல் என்றேன்.
என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.
"பங்குனியில இருந்து.
தெனமும் ஒன் முன்னாலதான இருமுதேன்."

கல் காயவில்லை. மாவு குளிர்ந்து கிடந்தது.

மறுநாளும் மெற்றில்டா தனியாகவே வந்தாள்.
சுண்டு வாயில் முழுத் தலையோடு
மதிலடியில் போவதை செவலை பார்த்தது.
திடுக்கிட்ட பூனையின் முகம்
எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.
அடுத்த நாள் குரலுக்கு அதன் ஒரு காது திரும்பியது.
நாலாம் நாள் குதித்தது.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர்
முதுகில் குழலை வைத்து இருமச் சொன்னார்.
பக்கத்து பெஞ்சில் யாருடைய போனோ
சினிமாப் பாட்டாய் அலறியது.
நான் இருமலை மட்டும் கேட்டேன்,
அதற்குள் கிரஷர் தூசி
சரசரவென்று புரள்வது வரைக்கும்.
எக்ஸ்ரே படம் திங்கட்கிழமை தருவார்களாம்.

ஐப்பசியில் இஞ்ஞாசி புது ரப்பர் மாட்டினார்.
அன்றைக்கென்று ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை.
ப்பீம் என்றதும் பெரிய பூனைகள் பாய்ந்தன.
சுண்டு எழுந்தது. ஓடியது.
பாதித் தெருவில் நின்றுவிட்டது,
ஒரு முன்கால் மண்ணில் படாமல்,
இன்னும் ஏதோ வரவேண்டும் என்பதுபோல.